பாலிசியில் ரூம் வாடகை என்கிற ஒரு வரி

கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையின் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். அட்மிஷன் அன்றைக்கு யாரும் என்னிடம் அதிகம் பேச மாட்டார்கள். கார்டையும் ஆதாரையும் நீட்டிவிட்டு நோயாளியிடம் ஓடிவிடுவார்கள். கேள்வியெல்லாம் டிஸ்சார்ஜ் அன்றைக்குத்தான் வரும்.

சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டுகிற ஒரு அண்ணன், வீட்டுக்காரம்மாவின் பித்தப்பை ஆபரேஷன் முடிந்து, பில்லோடு வந்து நின்றார். "ஏனுங்க தம்பி, மூணு லட்சத்துக்குப் பாலிசி இருக்குதுங்க. பில்லே ரெண்டு லட்சம்தானுங்க. அப்புறம் எதுக்குங்க நான் எழுபத்திரெண்டாயிரம் கட்டோணும்?"

நியாயமான கேள்வி. அவருடைய பாலிசியில் ரூம் வாடகைக்கு ஒரு வரம்பு இருந்தது: காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 3,000 ரூபாய். அவர் எடுத்தது 6,000 ரூபாய் ரூம். மிச்சத்தை நாமே போட்டுக்கொள்ளலாம், நாலு நாளைக்கு 12,000 ரூபாய்தானே என்று கணக்குப் போட்டு, அந்தப் பணத்தைக் கையிலேயே கொண்டுவந்திருந்தார்.

ஆனால் கணக்கு அப்படிப் போகாது. வரம்பைப்போல இரண்டு மடங்கு வாடகையில் தங்கினால், சர்ஜன் ஃபீஸ், மயக்க மருந்து டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் என்று ரூமோடு சேர்ந்து ஏறுகிற செலவுகளிலும் பாதிதான் கிடைக்கும். அவர் பில்லில் இவை மட்டும் 1,20,000 ரூபாய். அதில் 60,000 போயிற்று, ரூமில் 12,000 போயிற்று. மருந்து, ஸ்கேன், லேப் எல்லாம் சேர்ந்த 56,000 ரூபாய் மட்டும் முழுசாக வந்தது. 3,000 ரூபாய் ரூமிலேயே இருந்திருந்தால் ஏறக்குறைய முழுத் தொகையும் கிடைத்திருக்கும். அட்மிஷன் போடும்போதே நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும். அன்றிலிருந்து ரூம் எழுதுவதற்கு முன்னால் பாலிசியில் அந்த வரியைப் பார்த்துச் சொல்லாமல் நான் யாரையும் மேலே அனுப்புவதில்லை.

இந்தப் பிடித்தத்துக்கும் எல்லை உண்டு. மருந்து, இம்ப்ளான்ட் (உடம்புக்குள் பொருத்துகிற கருவி), பரிசோதனைச் செலவுகளில் இப்படி வெட்டக் கூடாது, ஐசியு கட்டணத்திலும் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020-லேயே சொல்லிவிட்டது. எந்த ரூமில் இருந்தாலும் ஒரே கட்டணம் வாங்குகிற மருத்துவமனை என்றால் இந்தப் பிடித்தமே பொருந்தாது. இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்புகிற செட்டில்மென்ட் கடிதத்தில் எந்த வரியில் எவ்வளவு வெட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். கையுறை, முகக்கவசம் மாதிரியான சில்லறைச் சாமான்களுக்குப் பெரும்பாலான பாலிசிகள் தராது. அதைக் கையிலிருந்து கட்டத்தான் வேண்டும்.

அடுத்தது, எனக்கு இன்னும் மனசு வலிக்கிற விஷயம். கோபியிலிருந்து ஒரு அக்கா வந்தார். பாலிசி எடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வார்டில் டாக்டர் "எத்தனை வருசமா சுகர்?" என்று கேட்க, "எட்டு வருசமா மாத்திரை போடறனுங்க" என்று உள்ளதைச் சொன்னார். கேஸ் ஷீட்டில் அது ஏறியது. ஆனால் பாலிசி விண்ணப்பத்தில் சர்க்கரை இல்லை என்று டிக் போட்டிருந்தது. டிக் போட்டது அவரில்லை, பாலிசி பிடித்துக்கொடுத்த சொந்தக்காரர். "சொன்னா பிரீமியம் ஏறிப்போகும்" என்றாராம். கிளெய்ம் முழுசாக மறுக்கப்பட்டது.

உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பிரீமியம் கொஞ்சம் கூடியிருக்கலாம், சர்க்கரை சார்ந்த சிகிச்சைக்குக் காத்திருப்புக் காலம், அதாவது அதற்குப் பணம் கிடைக்காத ஆரம்ப காலம், வைத்திருப்பார்கள். 2024 ஏப்ரலில் வந்த விதிப்படி அது அதிகபட்சம் மூன்று வருடம், முன்பு நான்கு. பாலிசி தொடர்ந்து ஐந்து வருடம் ஓடிவிட்டால், மோசடி என்று நிரூபித்தாலொழிய, சொல்லாமல் விட்டதைக் காரணம் காட்டி கிளெய்மை மறுக்க முடியாது. அதுவரை அந்த ஒரு டிக் கத்திபோலத் தலைக்கு மேல் தொங்கும். விண்ணப்பத்தை நீங்களே நிரப்புங்கள், இல்லையென்றால் நிரப்பியதை வரி வரியாக வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

நாற்பது பக்கத்தை யார் படிப்பது என்று கேட்கிறார்கள். சரி, எல்லாம் வேண்டாம். பாலிசியோடு வாடிக்கையாளர் தகவல் தாள் என்று ஒன்று தர வேண்டும். தமிழில் கேட்டால் தமிழிலேயே தர வேண்டும். ரூம் வரம்பு, கோ-பே (பில்லில் நீங்கள் கட்ட வேண்டிய பங்கு), எந்த நோய்க்கு எத்தனை மாதம் காத்திருப்பு, கண்புரை மாதிரியான ஆபரேஷனுக்குத் தனி உச்சவரம்பு உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கும்.

ரூம் வரம்புள்ள பழைய பாலிசியை வேறு கம்பெனிக்கு மாற்ற நினைத்தால், ரினியூவல் தேதிக்குக் குறைந்தது 45 நாள் முன்பே விண்ணப்பியுங்கள். அதுவரை கழித்த காத்திருப்புக் காலம் கூடவே வரும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி கிடையாது. அந்த மிச்சத்தை இப்படிப் பாலிசி மாற்றுவதற்குப் பயன்படுத்தலாம்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீடு இருக்கும். மாசாமாசம் பிடித்தம் போகிறது, ஆனால் நம்பர் தெரியாமல் வருகிறார்கள். முதலில் அதைக் கேட்டு வாங்கி வையுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருடம் 5 லட்சம் வரை உண்டு.

கிளெய்மை மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால், சென்னையில் இருக்கிற காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரை அவர் விசாரிப்பார். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.