ஸ்டட்: ஹெட்டில் அடித்த முளை

ஸ்டட் என்பது தலையில்லாத மரையாணி. போல்ட்டில் ஸ்பேனர் மாட்ட ஒரு தலை இருக்கும். ஸ்டட்டுக்கு இரு முனையிலும் மரைதான். ஒரு முனை எஞ்சின் ஹெட்டுக்குள், அதாவது எஞ்சினின் மேல்பகுதிக்குள், ஏறி அங்கேயே நின்றுவிடும். வெளியே நீட்டியிருக்கும் மறுமுனையில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை, அதாவது எரிந்த புகையை வாங்கி வெளியே அனுப்பும் குழாய்த் தொகுப்பை, கோத்து நட்டு போட்டு இறுக்குவார்கள்.

பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்டுடு’ என்றால் தூண், முட்டுக்கால். மரவீட்டுச் சுவருக்குள் நிறுத்தும் கட்டைக்கு ஆங்கிலத்தில் இன்றும் ஸ்டட் என்றே பெயர். குதிரைப் பண்ணையைக் குறிக்கும் ஸ்டட் எழுத்தில் ஒன்றானாலும் ‘ஸ்டோட்’ என்ற வேறொரு சொல்லில் பிறந்தது. மேனிஃபோல்ட் நமக்கு இன்னும் நெருக்கம்: பல, மடி என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை அது. நம் ‘பன்மடி’யும் அப்படித்தான் அமைந்திருக்கிறது.

தமிழில் ஸ்டட்டை ‘மரையாணி’ என்று மட்டும் எழுதினால் போல்ட்டோடு கலந்துவிடும். ‘குமிழாணி’ கதவில் அடிக்கும் கொண்டையுள்ள ஆணிக்குத்தான் பொருந்தும். ‘முளையாணி’ என்பதே சரியென்பேன். மாடு கட்ட அடிக்கும் முளை மண்ணில் நிற்கும். கயிறுதான் வரும் போகும். நட்டுக்குச் ‘சுரை’ என்ற சொல் ஏற்கெனவே நம் வீட்டில் இருக்கிறது. தோட்டின் பின்னால் திருகுவதும் சுரைதானே. முளை முறிந்தால் தரையோடு முறிந்து அடிப்பகுதி மண்ணுக்குள் மாட்டிக்கொள்ளும். ஸ்டட்டும் பெரும்பாலும் அப்படித்தான், ஹெட்டின் முகத்தோடு ஒட்டி முறியும்.

முறிவதற்குக் காரணம் சூடு. வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட் பல நூறு டிகிரி வரை காயும். தண்ணீர் ஓடும் அலுமினிய ஹெட் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். ஒன்று அதிகமாக நீள, மற்றது குறைவாக நீள, நடுவில் அகப்பட்ட ஸ்டட் ஒவ்வொரு முறையும் பக்கவாட்டில் வளைகிறது. அந்த நகர்வு இரு கோடிகளில்தான் அதிகம்; அதனால் முதலில் போவதும் கோடி ஸ்டட்டுகளே. துருவும் சேர்ந்தால் கேட்க வேண்டியதில்லை. ஃபோர்டின் 5.4 லிட்டர் வி8 எஞ்சினில் இது ஊரறிந்த குறை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘டிக் டிக்’ என்று கேட்டு, சூடேறியதும் சத்தம் அடங்கினால் அது புகை கசியும் சத்தமாக இருக்கலாம்; மேனிஃபோல்ட் ஓரத்தில் கரிப்புகை படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

முறிந்த துண்டை எடுக்கும்போது அவசரம் ஆகாது. துரு இளக்கும் எண்ணெயை முந்தின இரவே விட்டு ஊறவையுங்கள். துண்டு கொஞ்சம் நீட்டியிருந்தாலும், முகத்தோடு சமமாக இருந்தாலும், வெல்டிங்தான் நல்ல வழி. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, துண்டின் மேல் வாஷரும் அதன்மேல் நட்டும் வைத்து உள்ளே வெல்டு நிரப்ப வேண்டும். அலுமினியத்தில் இரும்பு வெல்டு ஒட்டாது. சிவப்பு அடங்கியதும் ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தால் துருப்பிடி விடும். ஒரே மூச்சில் திருகினால் மறுபடி முறியும்.

துண்டு உள்ளே அமுங்கியிருந்தால் நட்டநடுவில் சென்டர் பஞ்ச் வைத்து, 3 மி.மீ. டிரில்லில் தொடங்குங்கள். இடமரை டிரில் பிட் கிடைத்தால் துளைக்கும்போதே துண்டு சுழன்று வெளியே வருவதுண்டு. ஈஸி அவுட்டை, அதாவது துளைக்குள் விட்டுத் துண்டைக் கழற்றும் இடமரைக் கருவியை, முரட்டுத்தனமாகத் திருகவே கூடாது. அது உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில் அதில் ஏறாது. துளை நடுவிலிருந்து விலகினால் பிட் மென்மையான அலுமினியத்தின் பக்கம் இழுத்துக்கொள்ளும், மரை போய்விடும். பிறகு ஹெலிகாயில்தான், கெட்ட மரைக்குப் பதிலாகச் செருகும் கம்பிச்சுருள் மரை. ஹெலிகாயில் இல்லாமல் நேராக 8 மி.மீ., 1.25 பிட்ச் (மரைகளுக்கு இடையே உள்ள தூரம்) மரையை டாப் என்ற கருவியால் வெட்டுவதானால் துளை 6.8 மி.மீ.

ஒன்று முறிந்தால் அந்தப் பக்கத்து ஸ்டட்டுகள் எல்லாவற்றையும் மாற்றுங்கள். நட்டும், இடையில் கசிவைத் தடுக்க வைக்கும் கேஸ்கெட்டும் புதிதாகவே இருக்கட்டும். மேனிஃபோல்ட் முகத்தில் நேர்ச்சட்டம் வைத்து இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜால் கோணலைப் பாருங்கள். கோணலாக இருந்தால் முகம் மட்டப்படுத்தாமல் மாட்டக்கூடாது, புது ஸ்டட்டும் அதே இடத்தில் முறியும். ஸ்டட்டை ஹெட்டில் லேசாக நிறுத்தினால் போதும். இறுக்கம் நட்டில்தான்: நடுவில் தொடங்கி இரு கோடிக்கும், மேனுவல் சொல்லும் டார்க் (திருகு விசை) அளவில்.