மலைமேல் டிரான்ஸ்மிட்டர், கூரைமேல் பூஸ்டர்

கெடா மாநிலத்தின் பீடோங் வட்டாரத் தோட்டங்களில் தொலைக்காட்சிப் படம் கட்டம் கட்டமாக உடைந்தால், முதலில் தேடிப் போவது ஏரியலின் சமிக்ஞையைக் கூட்டும் பூஸ்டரைத்தான். அது சரிப்படவில்லை என்றால் அதைவிட "பவர்" கூடிய இன்னொன்றை வாங்குகிறார்கள். டிவி 2-இல் தமிழ்ச் செய்தி பார்க்க வேண்டும் என்பதற்காக, செம்பனைத் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த பெரியவர்கள் கையில் இருக்கும் வெள்ளியை இப்படிச் செலவழிப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. ஒளிபரப்பை அலையாக அனுப்பும் டிரான்ஸ்மிட்டர்களைப் பராமரிப்பது என் தொழில். அந்த இயந்திரத்தை வடிவமைப்பவர்கள் சக்தியைக் கூட்டுவதைவிட அதைக் கட்டுப்படுத்துவதற்கே அதிகம் யோசித்திருக்கிறார்கள். நம் கூரைகளிலோ கூட்டுவது மட்டும்தான் நடக்கிறது.

நம் ஊரிலிருந்து பார்த்தாலே தெரியும் குனோங் ஜெராய் 1,217 மீட்டர் உயரம். அப்படிப்பட்ட மலைகளில் இருக்கும் நிலையத்துக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பல அலைவரிசைகளின் படமும் ஒலியும் ஒரே கட்டாக எக்ஸைட்டர் என்ற கருவிக்கு வந்து சேர்கின்றன. மலேசியா பின்பற்றும் டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் ஒளிபரப்பு முறையில், எக்ஸைட்டர் அந்தக் கட்டை ஆயிரக்கணக்கான நுண்ணிய துணை அலைகளில் பிரித்து ஏற்றுகிறது. 32கே என்ற அமைப்பில் அவற்றின் எண்ணிக்கை 27,000-ஐத் தாண்டும். இத்தனை அலைகளும் தனித்தனியாக ஏறி இறங்குகின்றன. தற்செயலாகப் பல அலைகள் ஒரே கணத்தில் உச்சம் தொட்டால், அந்தக் கணத்தின் சக்தி சராசரியைப் போல ஏறத்தாழப் பத்து மடங்கு வரை எகிறும். எனவே 1 கிலோவாட் சராசரி சக்தி வேண்டுமென்றால், அதைவிடப் பல மடங்கு உச்சத்தைத் தாங்கும் பெருக்கி, அதாவது சமிக்ஞையின் சக்தியைக் கூட்டும் கருவி, தேவை. அப்படித் தாங்கும் திறன் இல்லாவிட்டால் உச்சங்கள் நசுங்கும். நசுங்கிய உச்சம் காணாமல் போய்விடாது. அது பக்கத்து அதிர்வெண்ணில் வழிந்து, அங்கே வேறொருவருடைய ஒளிபரப்பைக் கெடுக்கும்.

இதைத் தடுக்க எக்ஸைட்டர் தன் வெளியீட்டின் ஒரு துளியைத் திரும்ப வாங்கிப் பார்க்கிறது. பெருக்கி எங்கே கோணலாக்குகிறதோ, அதற்கு எதிரான கோணலை முன்கூட்டியே சமிக்ஞையில் சேர்த்து அனுப்புகிறது. அதன் பிறகும் மிச்சமிருப்பதை வடிகட்ட, பெருக்கிகளுக்கும் ஏரியலுக்கும் இடையில் பெரிய உலோக அறைகள் கொண்ட ஒரு ஃபில்டர் நிற்கிறது.

பெருக்கிகளைப் பற்றி ஒரு கணக்கு. எல்லாச் சக்தியையும் ஒரே பெருக்கியிடம் ஒப்படைப்பதில்லை. பலவற்றின் வெளியீட்டைக் கம்பைனரில் ஒன்றுசேர்ப்பார்கள். இரண்டு சமமான பெருக்கிகளில் ஒன்று பழுதானால் பாதிச் சக்தி மிஞ்சும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். மிஞ்சுவது 25 விழுக்காடுதான். இணை இல்லாமல் போன பெருக்கி தரும் சக்தியில் பாதி, கம்பைனரோடு சேர்ந்த தடுப்புச் சுமையில் வெப்பமாகப் போய்விடுகிறது. பத்தில் ஒன்று பழுதானால் 81 விழுக்காடு ஏரியலுக்குப் போகும். 9 விழுக்காடு வெப்பமாகும். சிறிய பெருக்கிகள் பலவற்றை அடுக்குவதன் காரணம் இதுதான். அந்த 81 விழுக்காட்டை உங்கள் வீட்டுத் தொலைக்காட்சி கவனிக்கவே கவனிக்காது. மலையில் ஒரு பெருக்கி பழுதாகிக் கிடக்கும் நாளிலும் நீங்கள் தெளிவான படம் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இனி கட்டுப்பாட்டுப் பகுதி. என் பார்வையில் டிரான்ஸ்மிட்டரின் உயிர் இதில்தான் இருக்கிறது. வெளியே போகும் சக்தியையும், ஏரியலிலிருந்து திரும்பி வரும் சக்தியையும் ஒரு கப்ளர் தனித்தனியாக அளந்துகொண்டே இருக்கும். இணைப்பில் மழைநீர் இறங்கினாலோ, மின்னல் ஏரியலைத் தாக்கியிருந்தாலோ திரும்பி வருவது கூடும். அளவு சற்று மீறினால் கட்டுப்படுத்தி தானாகவே சக்தியைக் குறைக்கும். மிகவும் மீறினால் கண் இமைப்பதற்குள் நிறுத்திவிடும். சில முறை மீண்டும் தொடங்கிப் பார்க்கும். பலிக்காவிட்டால் மனிதர் வரும்வரை பூட்டிக்கொள்ளும். அப்போது காரணத்தைக் கண்டுபிடிக்காமல் ரீசெட் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவது இந்தத் தொழிலில் மிக மோசமான பழக்கம். ஒரு இணைப்பில் தொடங்கிய சேதம் கோபுரத்தின் கேபிள் முழுவதையும் எரித்துவிடக்கூடும். இளைய தொழில்நுட்பர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நேரக் கட்டுப்பாடும் இருக்கிறது. பல நிலையங்கள் ஒரே அதிர்வெண்ணில் ஒன்றாக இயங்கும்போது, ஒவ்வொன்றும் ஜிபிஎஸ் கடிகாரத்தோடு ஒத்துப்போக வேண்டும். ரேடியோ அலை ஒரு மைக்ரோவினாடியில் 300 மீட்டர் கடக்கும். ஆகவே சிறு பிசகும் கணக்கில் வரும். ஜிபிஎஸ் துண்டித்துப் போனால் எக்ஸைட்டர் தன் சொந்தக் கடிகாரத்தை வைத்துச் சிறிது காலம் ஓட்டும். அந்தக் கடிகாரமும் எல்லையைத் தாண்டி விலகினால் தன் வெளியீட்டைத் தானே அடைத்துக்கொள்ளும். நேரம் தவறிய டிரான்ஸ்மிட்டர் எவ்வளவு பலமானதோ, அண்டை நிலையங்களின் பார்வையாளர்களுக்கு அவ்வளவு கெடுதல். வாய்மூடி இருப்பதே அங்கே சரியான செயல்.

இப்போது கூரைக்கு வருவோம். பூஸ்டரும் ஒரு பெருக்கிதான். ஆனால் அதற்குத் தன் கோணலைத் திருத்தும் எக்ஸைட்டர் இல்லை, அளந்து பார்க்கும் கப்ளர் இல்லை, நிறுத்தச் சொல்லும் கட்டுப்படுத்தியும் இல்லை. 2019 ஜூலையில் லங்காவியில் தொடங்கி அக்டோபர் 31-இல் நாடு முழுவதும் அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. தொலைக்காட்சி அதிர்வெண்களில் 694 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே இருந்த பகுதி கைப்பேசிச் சேவைக்குப் போனது. பழைய பூஸ்டர்களோ 862 மெகாஹெர்ட்ஸ் வரை வருவதை எல்லாம் சேர்த்தே பெருக்கும். அருகில் கைப்பேசிக் கோபுரம் இருந்தால், 758 முதல் 803 வரை வரும் அதன் சமிக்ஞை பூஸ்டரைத் திணறடிக்கும். உச்சங்கள் நசுங்கும், நசுங்கியது நம் தொலைக்காட்சி அதிர்வெண்ணில் வழியும். மலையில் பல அடுக்குகள் வைத்துத் தடுக்கும் அதே கோளாற்றை நாம் காசு கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவருகிறோம்.

அனலாக் காலத்தில் சமிக்ஞை மெலிந்தால் படத்தில் புள்ளிகள் கூடிக்கொண்டே போகும், ஆனாலும் பார்க்க முடியும். டிஜிட்டலில் கடைசிவரை தெளிவாக இருந்துவிட்டுத் திடீரென உடையும். அதனால் காரணத்தை ஊகிக்க முடிவதில்லை. டிஜிட்டல் சமிக்ஞையைப் படமாக்கும் பெட்டியான டிக்கோடரின் மெனுவில் வலிமை, தரம் என்று இரண்டு அளவுகள் இருக்கும், தரத்தைப் பாருங்கள். வலிமை உச்சத்தில் இருந்து தரம் தாழ்ந்திருந்தால் முதலில் பூஸ்டரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். இரண்டுமே தாழ்ந்திருந்தால் ஏரியலின் திசையையும் உயரத்தையும் கவனியுங்கள். திசை தவறிய ஏரியலில் சமிக்ஞை பத்தில் ஒரு பங்காகக்கூடக் குறையும். மலையில் ஒரு பெருக்கி நின்றுபோவதைவிட இது பெரிய இழப்பு. செம்பனை வளர வளர, ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் திறந்தவெளியாக இருந்த திசை மறைந்துவிடுவதும் உண்டு. வெயிலில் வெடித்த கேபிளுக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால் அதை மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

இடி கேட்கும் நேரத்தில் தகரக் கூரையில் ஏறாதீர்கள். கையில் ஏரியல் கம்பத்தோடு கூரையில் நிற்பவரே அங்கே உயரமான இலக்கு. நிலையத்தில் நாங்கள்கூட அந்த நேரத்தில் கோபுரத்தில் ஏறுவதில்லை. வீட்டில் ஏரியல் கேபிளையும் மின் இணைப்பையும் இடி நெருங்குவதற்கு முன்பே கழற்றி வைத்துவிடுங்கள்.

புகார் கொடுப்பதற்கு முன் பக்கத்து வீட்டில் கேளுங்கள். உங்கள் வீட்டில் மட்டும் படம் இல்லை என்றால் குறை உங்கள் கூரையில். தோட்டம் முழுவதும் எல்லா அலைவரிசைகளும் ஒன்றாக மறைந்திருந்தால் மலையைச் சந்தேகிக்கலாம். ஒரே ஒரு அலைவரிசை மட்டும் வராமல் மற்றவை தெளிவாக இருந்தால் ஏரியலுக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் அதில் பங்கு இருக்க வாய்ப்பில்லை. அது மலைக்கு வருவதற்கு முன்பே விடுபட்டிருக்கும். நின்ற நேரம், எத்தனை அலைவரிசைகள், தர அளவு என்ன, அப்போது மழை இருந்ததா என்று எழுதிவைத்துச் சொல்லுங்கள். நிலையத்தின் பதிவேட்டில் ஒவ்வொரு எச்சரிக்கையும் நேரத்தோடு பதிவாகியிருக்கும். நீங்கள் சொல்லும் நேரத்தை அதனோடு ஒப்பிட்டால், மலையேறும் முன்பே எந்த உதிரிப் பாகத்தை எடுத்துப் போக வேண்டும் என்று பராமரிப்புக் குழுவால் முடிவு செய்ய முடியும்.