டென்மார்க் அரியணையும் 26 நிமிடத் தங்கையும்

2011 ஜனவரி 8, சனிக்கிழமை காலை. கோபன்ஹேகனில் ஒரு பிரசவ அறை. அப்போது டென்மார்க்கின் பட்டத்து இளவரசராக இருந்த பிரெடெரிக்குக்கும் அவர் மனைவி மேரிக்கும் 10:30-க்கு ஒரு ஆண் குழந்தை பிறந்தது. 10:56-க்கு ஒரு பெண் குழந்தை. வின்சென்ட், ஜோசஃபின் என்று பெயர் வைத்தார்கள். வீட்டில் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள்: 5 வயது அண்ணன் கிறிஸ்தியான், 3 வயது அக்கா இசபெல்லா.

இரட்டைப் பிள்ளைகள் பிறந்த மகிழ்ச்சியில் இசபெல்லாவைப் பெரிதாக யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் அன்று காலை ஒன்றை இழக்காமல் தப்பித்தவர் அவர்தான். பழைய சட்டமே நீடித்திருந்தால், 10:30-க்குத் தம்பி அழுத முதல் அழுகையோடு அக்கா அரியணை வரிசையில் ஒரு படி இறங்கியிருப்பார். 10:56-க்கு ஒன்றும் ஆகியிருக்காது; பிறந்தது தங்கை. அந்தச் சட்டம் மாறி அப்போது இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

அரியணை வரிசை என்பது உண்மையில் ஒரு கணக்கு. ஒரு வம்சாவளியைத் தாளில் மரம்போல வரைந்துகொள்ளுங்கள். மேலே அரசர், கீழே பிள்ளைகள், அவர்களுக்குக் கீழே பேரப்பிள்ளைகள். தலைச்சன் பிள்ளையின் கிளைக்குள் முதலில் நுழைய வேண்டும். நுழைந்தால் பேரன், கொள்ளுப்பேரன் என்று அதன் நுனி வரை போய்விட்டுத்தான் வெளியே வர வேண்டும். அப்புறம்தான் இரண்டாவது பிள்ளையின் கிளை. கணினி படித்தவர்களுக்கு இது பழகிய நடைதான்: அகலத்தில் பரவாமல் ஆழத்தில் இறங்குவது. அதனால் தலைச்சன் தன் தந்தைக்கு முன்பே இறந்துபோனாலும், அவருடைய கைக்குழந்தைக்குத்தான் பட்டம். சித்தப்பா எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஓரமாக நிற்க வேண்டியதுதான்.

மரத்தில் நடக்கும் இந்த நடை நூற்றாண்டுகளாக மாறவில்லை. மாறியதெல்லாம் ஒன்றே ஒன்று: ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த பிள்ளைகளை எந்த வரிசையில் நிறுத்துவது என்பது. பெண்ணை அறவே விட்டுவிடலாம். ஆண்களை எல்லாம் நிறுத்திவிட்டுக் கடைசியில் பெண்களை நிறுத்தலாம். அல்லது வயதை மட்டும் பார்க்கலாம். டென்மார்க் இந்த மூன்றையும் செய்து பார்த்திருக்கிறது. பொதுவாக, எல்லாருக்குமாக, என்றென்றைக்குமாக எழுதியதுபோல்தான் சட்டத்தின் வாசகம் இருக்கும். ஆனால் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட ஆளின் அளவுக்குத்தான் துணியை வெட்டியிருக்கிறார்கள் என்பது என் கட்சி.

1660 வரை அங்கே இந்தக் கணக்கே கிடையாது. சட்டப்படி அரசரைத் தேர்ந்தெடுத்தார்கள். நடைமுறையில் பெரும்பாலும் மூத்த மகனைத்தான் தேர்ந்தெடுத்தார்கள், சரி. ஆனால் தேர்தல் என்று ஒன்று இருந்ததால் பிரபுக்களின் சபையால் பேரம் பேச முடிந்தது. பட்டத்துக்கு வருபவர் முதலில் ஓர் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். 1648-இல் மூன்றாம் பிரெடெரிக் போட்ட பத்திரம் அவர் கைகளை நன்றாகக் கட்டிப்போட்டது. அவர் இளைய மகன். வாரிசாக முன்பே தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த அண்ணன் முந்தைய ஆண்டு இறந்துவிட்டதால் வாய்ப்புக் கிடைத்தவர். பேரம் பேசும் நிலையில் அவர் இல்லை.

பன்னிரண்டு ஆண்டுகளில் காற்று திரும்பியது. சுவீடனுடன் நடந்த போரில் கோபன்ஹேகன் முற்றுகைக்குள்ளானபோது, அரசர் ஓடாமல் நகரத்தில் இருந்து போராடினார். ஊர்மக்களிடம் அவருக்குப் பெயர் வந்தது. பிரபுக்களுக்கோ வரி கொடுக்காத கெட்ட பெயர். 1660 இலையுதிர் காலத்தில் கூடிய சபையில் நகரத்தாரும் பாதிரிமாரும் சேர்ந்துகொண்டு, இனி அரசப் பதவி பரம்பரைச் சொத்து என்றார்கள். நகர வாயில்களை மூடி, யாரும் நழுவ முடியாதபடி செய்துதான் பிரபுக்களைச் சம்மதிக்க வைத்தார்கள். பழைய உறுதிமொழிப் பத்திரம் ரத்தாகி அரசர் கைக்கே திரும்பி வந்தது.

சரி, பரம்பரை என்றாகிவிட்டது. யாருக்குப் பிறகு யார்? அதை எழுதியவர் பேதர் ஷூமாகர் என்ற இளைஞர், ஒரு திராட்சைமது வியாபாரியின் மகன். 1665 நவம்பர் 14-ஆம் தேதி அரசர் கையெழுத்திட்ட அந்த 'அரச சட்டம்' 40 பிரிவுகள் கொண்டது. அரசரால் எதையும் செய்ய முடியும். மதத்தை மாற்றவும், நாட்டைப் பங்கு போடவும், இந்தச் சட்டத்தில் கை வைக்கவும் மட்டும் முடியாது. மீதியில் பெரும் பகுதி வாரிசு வரிசைதான். முதலில் ஆண்வழி ஆண்கள். அந்தப் பங்காளிகள் ஒருவர்கூட மிஞ்சாமல் போனால், பெண்களும் அவர்கள் வழியினரும் வரலாம். பெண்வழியில் எந்தக் கிளைக்குப் பிறகு எந்தக் கிளை என்பதையும் ஷூமாகர் விட்டுவைக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சட்டம் இருப்பதே ஊருக்குத் தெரியாது. மூன்றாம் பிரெடெரிக் உயிரோடு இருந்தவரை அதை ரகசியமாக வைத்திருந்தார்கள். அச்சில் வந்தது 1709-இல், அவருடைய பேரன் நான்காம் பிரெடெரிக் காலத்தில். நமக்குத் தெரிந்த பெயர்தான்: 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த சீகன்பால்குவை அனுப்பியவர்.

ஷூமாகரின் கணக்கு ஏறத்தாழ 200 ஆண்டுகள் சோதனைக்கே ஆளாகவில்லை. ஒவ்வொரு அரசருக்கும் ஒரு மகன் இருந்தான். தந்தை கிறிஸ்தியான் என்றால் அடுத்தவர் பிரெடெரிக், அவருக்கு அடுத்தவர் மறுபடி கிறிஸ்தியான் என்று பெயர்கள்கூட ஊஞ்சல்போல மாறி மாறி வந்தன. ஒரே ஒரு முறை, 1808-இல் பட்டத்துக்கு வந்த ஆறாம் பிரெடெரிக்குக்குப் பெண்கள் மட்டுமே தங்க, பட்டம் பங்காளி முறையில் அவருடைய சித்தப்பா மகனுக்குப் போனது. அவர்தான் எட்டாம் கிறிஸ்தியான். 1845-இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயரிடம் விற்றவர்.

கணக்கு உதைத்தது அவர் மகனிடம். ஏழாம் பிரெடெரிக் மூன்று முறை திருமணம் செய்தவர். முதல் இரண்டும் விவாகரத்தில் முடிந்தன. மூன்றாம் மனைவி பாலே நடனக்காரியாக இருந்தவர். பட்டத்துக்கு உரிய பிள்ளை மட்டும் இல்லை. இங்கேதான் சிக்கல். டென்மார்க் அரசர்தான் நாட்டின் தெற்கே இருந்த ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் பகுதிகளுக்கும் கோமகன். ஆனால் ஜெர்மானியக் கூட்டமைப்பில் இருந்த ஹோல்ஸ்டைனில் ஷூமாகரின் சட்டம் செல்லாது. அங்கே பெண்வழிக்கு இடமே கிடையாது. ஷ்லெஸ்விக்கில் எது செல்லும் என்பதே ஒரு வழக்கு. மகன்கள் பிறந்துகொண்டிருந்தவரை இரண்டு விதிகளும் ஒரே விடையைத் தந்தன, அதனால் இரண்டு விதிகள் இருப்பதையே யாரும் உணரவில்லை. ஆண்வழி அறும் நேரத்தில் ஒன்று எட்டாம் கிறிஸ்தியானின் தங்கை சார்லட்டின் பிள்ளைகளைக் காட்டியது. இன்னொன்று ஆண்வழிப் பங்காளியான அகஸ்டன்பர்க் கோமகனைக் காட்டியது. இந்த விவகாரம் புரிந்தவர்கள் மூன்றே பேர் என்று பிரிட்டிஷ் பிரதமர் பாமர்ஸ்டன் சொன்னதாக ஒரு கதை உண்டு: ஒருவர் இறந்துவிட்டார், ஒருவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, மூன்றாமவரான தனக்கோ மறந்துவிட்டது என்றாராம்.

1852-இல் வல்லரசுகள் லண்டனில் கூடி ஓர் ஆளைக் காட்டின: கிளூக்ஸ்பர்க் குடும்பத்துக் கிறிஸ்தியான். 16-ஆம் நூற்றாண்டின் மூன்றாம் கிறிஸ்தியான் வழிவந்த தூரத்துப் பங்காளி. ஆகவே ஆண்வழி ஆட்களுக்கு ஒரு சமாதானம். அவர் மனைவி லூயிஸ், சார்லட்டின் மகள். லூயிஸின் தாயும் உடன்பிறந்தவர்களும் உரிமையை அவருக்கு விட்டுக்கொடுக்க, அவர் அதைக் கணவருக்குக் கொடுத்தார். ஆகவே பெண்வழிக்கும் ஒரு பதில். கிறிஸ்தியானோ அவர் வீட்டில் நான்காவது மகன். அண்ணன்மார் உயிரோடு இருக்க அவரை எடுத்ததற்கு எந்தக் கணக்கும் கிடையாது. இந்தப் பகுதிகளுக்காக 1848-இல் தொடங்கிய போரில் அவர் டென்மார்க் பக்கம் நின்றவர் என்பதுதான் கணக்கு. மறு ஆண்டு, 1853 ஜூலை 31-இல், இவருக்காகவே ஒரு புதிய வாரிசுச் சட்டம் வந்தது. எதிர்காலத்தில் இரண்டு விடை வராமலிருக்க அது பெண்வழியை மொத்தமாக அடைத்தது. மனைவியின் உரிமையையும் பிடித்துக்கொண்டு மேலே வந்த ஒருவருக்காக எழுதிய சட்டம் பெண்களை வெளியே தள்ளியது.

அவ்வளவு செய்தும் மறுபடி போர் வராமல் இல்லை. 1863 நவம்பர் 15-இல் ஒன்பதாம் கிறிஸ்தியான் பட்டத்துக்கு வந்தார். அடுத்த ஆண்டே பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் படையெடுக்க, அந்தப் பகுதிகள் கைவிட்டுப் போயின.

அடைத்த கதவை மறுபடி திறக்க ஒரு சிறுமி வேண்டியிருந்தது. ஒன்பதாம் பிரெடெரிக்குக்கு மூன்றும் பெண்கள். மூத்தவர் மார்கரெத்தே, 1940 ஏப்ரல் 16-இல், ஜெர்மன் படை நாட்டைப் பிடித்த ஒரே வாரத்தில் பிறந்தவர். 1853 விதிப்படி அவரும் தங்கைகளும் மரத்தில் இல்லாத கிளைகள். மரத்தில் ஒரு படி மேலே ஏறி இறங்கினால் அரசரின் தம்பி க்னுத்; அவருக்கு அடுத்து, மார்கரெத்தேக்கு இரண்டே மாதம் மூத்த இங்கோல்ஃப். பெரியப்பா மகளுக்கு இல்லாதது சித்தப்பா மகனுக்கு.

அரசியல்வாதிகளுக்கு அப்போது வேறொரு கவலை. அரசியலமைப்பைத் திருத்தி நாடாளுமன்ற மேலவையை ஒழிக்க வேண்டும். அதற்கு ஓட்டுப் போடுபவர்களில் பெரும்பான்மை போதாது. மொத்த வாக்காளர்களில் 45 சதவீதம் பேராவது வந்து 'ஆம்' சொல்ல வேண்டும். 1939-இல் இப்படி ஒரு முயற்சி 44.5 சதவீதத்தில் கவிழ்ந்திருந்தது. மேலவை ஒழிப்புக்காக யார் ஞாயிறு உடுப்பை மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள்? 13 வயது இளவரசிக்கு என்றால் நிற்பார்கள். பெண் வாரிசுரிமையையும் அதே வாக்கெடுப்பில் கட்டினார்கள். 1953 மே 28-இல் கிடைத்தது 45.8 சதவீதம். தாண்டியது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. மேலவை போனது, கிரீன்லாந்து நாட்டின் சமமான பகுதியானது, மார்கரெத்தே வாரிசானார்.

ஆனாலும் அந்தக் கதவைப் பாதிதான் திறந்தார்கள். மகள் வரலாம், மகன் இல்லாவிட்டால் மட்டும். பின்னால் ஒரு தம்பி பிறந்திருந்தால் மார்கரெத்தே இறங்கியிருக்க வேண்டும். இன்னொன்றும் செய்தார்கள்: மரத்துக்கு வேலி போட்டார்கள். ஒன்பதாம் பிரெடெரிக்கின் தந்தை பத்தாம் கிறிஸ்தியானின் வாரிசுகள் மட்டுமே உள்ளே. நார்வே, பிரிட்டன் அரண்மனைகளில் இருக்கும் ஒன்பதாம் கிறிஸ்தியானின் வழியினர் வெளியே. திருமணத்துக்கு அரசரின் சம்மதமும் வேண்டும். சம்மதம் இல்லாமல் 1968-இல் மணந்த இங்கோல்ஃப் வரிசையிலிருந்தே கழன்றுகொண்டார்.

2009 ஜூன் 7-இல் வயது மட்டும் போதும் என்ற திருத்தத்துக்கு வாக்கெடுப்பு நடந்தபோது, பலருக்கு அது சப்பென்று இருந்தது. பட்டத்து இளவரசரும் அவர் மகன் கிறிஸ்தியானும் ஆண் தலைச்சன்கள். எப்படி எண்ணினாலும் அவர்கள்தான். யார் அளவுக்கும் வெட்டாத துணி. வெற்றுச் சீட்டைப் பெட்டியில் போட்டவர்கள் ஏராளம். சட்டம் எப்படியோ நிறைவேறியது. இரண்டு ஆண்டு கழித்து அது பொருந்தியது இசபெல்லாவுக்கு.

2024 ஜனவரி 14-இல் மார்கரெத்தே, பட்டத்துக்கு வந்து சரியாக 52 ஆண்டு முடிந்த நாளில், அமைச்சரவைக் கூட்டத்தில் ஒரு தாளில் கையெழுத்திட்டு எழுந்தார். கையெழுத்து விழுந்த கணமே மகன் பத்தாம் பிரெடெரிக். முடிசூட்டு விழாவெல்லாம் அங்கே கிடையாது. அம்மா எழுந்த நாற்காலியில் மகன் உட்கார, 'கடவுள் அரசரைக் காக்கட்டும்' என்று சொல்லிவிட்டு அவர் வெளியே நடந்தார். ஓர் அரசர் இப்படித் தானாக விலகியது அந்நாட்டில் 1146-க்குப் பிறகு அதுதான் முதல் முறை. பிள்ளைகள் நால்வரும் ஒரு படி ஏறினார்கள்: கிறிஸ்தியான், இசபெல்லா, வின்சென்ட், ஜோசஃபின். அப்புறம் சித்தப்பா யோவாகிம், அவர் பிள்ளைகள் நால்வர். இந்த நால்வருக்கும் இளவரசர் பட்டத்தை 2023 தொடக்கத்தில் எடுத்துவிட்டார்கள். வரிசையில் இடம் மட்டும் அப்படியே இருக்கிறது. பட்டப்பெயர் வேறு, கணக்கு வேறு.

மரம் முழுதுமே பட்டுப்போனால்? அதற்கும் அரசியலமைப்பின் 9-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. வாரிசு ஒருவரும் இல்லாத நிலை வந்தால், நாடாளுமன்றம் கூடி ஓர் அரசரைத் தேர்ந்தெடுக்கும். அவருக்குப் பிறகு யார் என்பதையும் அதுவே எழுதும்.