தை மாதத்தில் தொங்குவது வேப்பம்பழம் அல்ல

டெல்லியில் நாய் வளர்க்கும் நம் ஆட்கள் ஜனவரி, பிப்ரவரியில் போன் செய்தால் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள்: "வாந்தி எடுக்கிறான் டாக்டர். பார்க்கில் வேப்பம்பழம்தான் தின்றான், வேறொன்றும் இல்லை." அந்த மாதங்களில் இங்கே வேப்பம்பழமே கிடையாது. டெல்லி வேம்பு பழுப்பது மழைக்காலத்தில்.

அவர்கள் பார்த்தது பகாயன். நம் பக்கத்தில் மலைவேம்பு என்கிற வகையறா. தாவரவியல் பெயர் மெலியா அசெடராக். நிழலுக்கும் மார்ச்சில் பூக்கும் வெளிர் ஊதாப் பூவுக்கும் ஆசைப்பட்டு பார்க்கிலும் தெருவோரத்திலும் வைத்திருக்கிறார்கள். இலை இருந்தால் கண்டுபிடிப்பது எளிது: வேம்பின் ஈர்க்கு கிளைக்காது, இதில் ஈர்க்கே கிளை விட்டுப் பிரியும். ஆனால் குளிரில் பகாயன் மொட்டையாக நிற்கும். அப்போது பழம்தான் அடையாளம். மொட்டைக் கிளையில் நீளக் காம்போடு கொத்துக் கொத்தாக மஞ்சள் உருண்டைகள். வேப்பம்பழம் நீள்வட்டம், இது கோலிக்குண்டு போல, ஆனால் அதைவிடச் சின்னது. நாளாக ஆகத் தோல் சுருங்கும், இருந்தும் சீக்கிரம் உதிராது. சந்தேகம் இருந்தால் சதையை நீக்கிக் கொட்டையைப் பாருங்கள். வேப்பங்கொட்டை வழவழப்பு. இதில் நெடுக வரிப்பள்ளம் ஓடும், நடுவில் இயற்கையாகவே துளை இருக்கும். அதனால்தான் ஜபமாலை கோப்பார்கள். (பார்த்துவிட்டுக் கையைக் கழுவிவிடுங்கள்.)

"புல்புல் தின்கிறதே, நாய்க்கு என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. பறவைக்கு ஒத்துக்கொள்வது நாய்க்கு ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. பழத்தில் உள்ள மெலியாடாக்ஸின் என்னும் நச்சு நாய், பன்றி, மனிதர் மூவரையும் தாக்கும். குழந்தைகளையும் கவனியுங்கள். நச்சின் அளவு மரத்துக்கு மரம் மாறும். அதனால் பக்கத்து வீட்டு நாய் தின்றுவிட்டு நன்றாக இருக்கிறது என்பது ஆறுதலே அல்ல.

சில மணி நேரத்தில் எச்சில் வழியும், வாந்தி, பேதி வரும். பிறகு தள்ளாட்டம், நடுக்கம், சில நாய்களுக்கு வலிப்பு. இதற்கு முறிவு மருந்து கிடையாது. சீக்கிரம் வந்தால் வாந்தி எடுக்க வைத்து, மருந்துக் கரி கொடுத்து, சலைன் ஏற்றுவோம். வலிப்பு தொடங்கிய பிறகு வந்தால் அதை அடக்குவதே பெரும்பாடு. வீட்டில் உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது தனி ஆபத்து. தயிர், பால் கொடுத்து நேரத்தை வீணாக்கவும் வேண்டாம். கீழே கிடக்கும் இரண்டு பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு, தின்ற நேரத்தையும் நினைவில் வைத்து நேரே வாருங்கள். பழத்தைக் கண்ணால் பார்த்துவிட்டால் எங்களுக்குப் பாதி விசாரணை மிச்சம்.

சரி, மரத்தை வெட்டிவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அனுமதி இல்லாமல் வெட்டுவது 1994-ஆம் ஆண்டு டெல்லி மரப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதற்கு அவசியமும் இல்லை. காலையில் மரத்தடியைப் பெருக்கச் சொல்லுங்கள். கண்டதையும் வாயில் போடும் நாய் என்றால் பங்குனி வரை அந்தப் பக்கம் கயிற்றை அவிழ்க்காதீர்கள்.