அட்வகேட்: வழக்கறிஞரா, பரிந்து பேசுபவரா?

கல்லூரியில் மனநலத்துக்காக இயங்கும் மாணவர் குழு ஒன்றில் என் அக்காள் மகள் அண்மையில் சேர்ந்தாள். அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் ஒரு பக்கத்தில் ஆங்கிலத்தில் 'மென்டல் ஹெல்த் அட்வகேட்' என்றும், மறுபக்கத்தில் தமிழில் 'மனநல வழக்கறிஞர்' என்றும் அச்சாகியிருந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதை எழுத்துக்கூட்டி வாசித்த என் அம்மா, "கணக்குப் படிக்கிற பிள்ளைக்குக் கோர்ட்டில் என்ன வேலை?" என்று கேட்டார். கணினி மொழிபெயர்ப்பின் கோளாறு என்று சிரித்துவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால், "அப்படியானால் சரியான சொல் எது?" என்று அவள் கேட்டபோது என்னிடம் விடை இல்லை. தேடிக் கண்டதை இங்கே எழுதுகிறேன்.

'அட்வகேட்' என்பதன் வேர் 'அட்வோகாத்துஸ்' என்னும் லத்தீன் சொல். 'அட்' என்பது ஒன்றை நோக்கி என்றும், 'வோகாரே' என்பது அழைத்தல் என்றும் பொருள்படும். ஆகவே, அட்வோகாத்துஸ் என்றால் 'அருகே அழைக்கப்பட்டவர்'. ரோமானியரின் குடியரசுக் காலத்தில் மன்றத்தில் எழுந்து வாதாடியவருக்கு இந்தப் பெயர் இல்லை என்பது பலரும் அறியாத செய்தி. வாதாடியவருக்கு 'பத்ரோனுஸ்' என்பதே பெயர். வழக்கில் சிக்கியவர் தம் நண்பர்களில் சட்டம் அறிந்தவரையோ ஊரில் மதிப்புள்ளவரையோ துணைக்கு அழைத்துக்கொள்வார். அப்படி அழைக்கப்பட்டு வந்து, பக்கத்தில் நின்று, வேண்டியபோது ஆலோசனை சொன்னவர்தாம் அட்வோகாத்துஸ். பேசுவதைவிட உடன் நிற்பதே அவருடைய முதல் வேலை. பின்னாளில்தான் அந்தப் பெயர் வாதாடும் தொழிலருக்கு உரியதாயிற்று. 'வோகாரே' என்பதற்கும் குரலைக் குறிக்கும் 'வோக்ஸ்' என்பதற்கும் வேர் ஒன்றே. வடமொழி 'வாக்' என்பதும் அதே குடும்பம். நாம் அன்றாடம் கொடுக்கவும் வாங்கவும் மீறவும் செய்கிற 'வாக்கு' அட்வகேட்டுக்குத் தூரத்து உறவு என்பது இதனால் புலப்படும்.

தமிழுக்குள் இந்தச் சொல் இரண்டு முறை வந்திருக்கிறது. ஐரோப்பியர் ஆட்சியின் எச்சமாக யாழ்ப்பாணத்தில் தங்கிய 'அப்புக்காத்து' ஒரு வருகை. அங்கே மன்றத்தில் வாதாடியவர் அப்புக்காத்து, பத்திரங்களையும் வழக்குத் தாள்களையும் ஆயத்தம் செய்தவர் பிரக்கிராசி. 1970களில் இவ்விரு பிரிவுகளும் ஒன்றாக்கப்பட்டபின், 'சட்டத்தரணி' என்பதே பொதுப்பெயர் ஆகிவிட்டது. இங்கே தமிழ்நாட்டில் ஆங்கிலம் வழியாக வந்தது இரண்டாம் வருகை. வீட்டு வாசல் பலகையிலும் இருசக்கர வண்டியின் முகப்பிலும் 'அட்வகேட்' என்று எழுதியிருந்தால், அது கறுப்பு அங்கியைத் தவிர வேறொன்றையும் நமக்கு நினைவூட்டுவதில்லை. என் அம்மாவின் கேள்வியில் பிழையே இல்லை.

இவற்றுக்கு நடுவே அரபியிலிருந்து வந்த 'வக்கீல்' தன் பங்குக்கு ஒன்றை விட்டுச் சென்றிருக்கிறது. கட்சிக்காரர் சார்பில் தோன்ற வக்கீலுக்கு அதிகாரம் அளிக்கும் தாள் 'வக்காலத்து'. நீதிமன்றப் படியைத் தாண்டி வீட்டுக்குள் வந்த அந்தச் சொல், "அவனுக்கு நீ ஏன் வக்காலத்து வாங்குகிறாய்?" என்ற கேள்வியாகத் திரிந்துவிட்டது. பிறருக்காகப் பேசுகிறவர்மீது நம் பேச்சுவழக்குக்கு இருக்கும் ஐயம் முழுவதும் அந்தக் கேள்வியில் உண்டு.

நீதிமன்றத்துக்கு வெளியே, குறிப்பாக மனநலத் துறையில், இந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்பதற்கு அமெரிக்கர் கிளிஃபர்ட் பியர்ஸின் வாழ்க்கை நல்ல சான்று. 1876இல் பிறந்து யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற அவர், 1900இல் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். அடுத்த மூன்றாண்டுகள் அவருடைய வாழ்க்கை மனநோய் மருத்துவமனைகளில் கழிந்தது. அங்கே தாமும் பிறரும் பட்ட அடியையும் அவமதிப்பையும் 1908இல் நூலாக எழுதி வெளியிட்டார். அதே ஆண்டு கனெக்டிகட் மாநிலத்திலும், 1909இல் நாடு முழுமைக்குமாகவும் மனநலச் சீர்திருத்த அமைப்புகளைத் தொடங்கினார். நோயாளியாக இருந்தவரே பேசத் தொடங்கியதால், கருணை வேண்டுகோளாக இருந்த ஒன்று உரிமைப் பேச்சாக மாறியது.

மாணவர்களை எடுத்துக்கொண்டால், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு படித்துக்கொண்டிருந்த ஆலிசன் மால்மன், தன் மனத்தில் நடந்ததை நெடுநாள் எவரிடமும் சொல்லாமல் இருந்த அண்ணனை 2000ஆம் ஆண்டில் தற்கொலைக்குப் பறிகொடுத்தார். மாணவரோடு மாணவரே பேச வேண்டும் என்று அவர் கூட்டிய குழு, 'ஆக்டிவ் மைண்ட்ஸ்' என்ற பெயரில் நாடெங்கும் கல்லூரிகளில் பரவியது. அவர்கள் நடத்தும் கண்காட்சி ஒன்றில் மேடையோ ஒலிபெருக்கியோ இருக்காது. கல்லூரிப் புல்வெளியில் 1,100 புத்தகப் பைகள் பரப்பி வைக்கப்பட்டிருக்கும். அமெரிக்காவில் ஓராண்டில் தற்கொலையால் இறக்கும் கல்லூரி மாணவர்களின் எண்ணிக்கையை அவை குறிக்கின்றன. வகுப்புக்கு விரைகிறவர், அந்தப் பைகளுக்கு இடையே கால் வைத்துத்தான் போக வேண்டும். சில பைகளில், அவற்றுக்குரியவரின் கதையைக் குடும்பத்தார் எழுதி இணைத்திருப்பார்கள்.

இந்தப் பொருளுக்குத் தமிழில் இன்று வழங்கும் சொற்கள் எவையும் முழுதாகப் பொருந்தவில்லை. 'ஆர்வலர்' என்பது பறவை பார்ப்பவருக்கும் பழைய நாணயம் சேர்ப்பவருக்கும் பொதுவானது. 'பரப்புரையாளர்' என்றால் தேர்தல் வண்டிதான் கண்முன் வருகிறது. மேலும், பரப்புரையில் ஒரு பக்கம் பேசும், மறுபக்கம் கேட்கும். 'விழிப்புணர்வாளர்' என்பதற்கு, மற்றவர்கள் உறங்குகிறார்கள் என்பது உட்பொருளாகிவிடுகிறது. 'பரிந்துரையாளர்' என்பதைச் சிலர் எழுதுகிறார்கள்; ஆனால் 'சிபாரிசு' என்ற பாரசீகச் சொல்லை விலக்கப் 'பரிந்துரை' என்பதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தபின், அது வேலைக்கான கடிதத்துக்கும் மருத்துவரின் மருந்துச்சீட்டுக்கும் உரியதாகிவிட்டது. 'மனநலப் பரிந்துரையாளர்' என்றால், மாத்திரை எழுதித் தருபவரோ என்று கேட்பார்கள்.

என்றாலும், பரிந்துரை என்ற சொல்லின் முன்பாதியைக் கைவிட எனக்கு மனம் இல்லை. 'பரிதல்' என்ற வினைக்கு அன்புகொள்ளுதல், இரங்குதல், வருந்தி முயலுதல், சார்பாகப் பேசுதல் ஆகிய பொருள்கள் உண்டு. குறளின் ஒழுக்கமுடைமை அதிகாரத்தில் வரும் 'பரிந்தோம்பிக் காக்க' என்பதில் வருந்திப் பேணும் முயற்சி மேலோங்குகிறது; பசிக்குமுன் நினைந்து பால் தரும் தாயைவிட மிகப் பரிந்தவன் என்று திருவாசகம் இறைவனைச் சொல்லும்போது அன்பு மேலோங்குகிறது. இந்தச் சொல் ஏட்டோடு நின்றுவிடவும் இல்லை. அடிக்கக் கை ஓங்கும் தகப்பனுக்கும் பிள்ளைக்கும் நடுவே வந்து நிற்கும் பாட்டியிடம், "அவனுக்குப் பரிஞ்சுக்கிட்டு வராதீங்க" என்று இன்றும் சொல்கிறார்கள். வருந்துதலையும் முயலுதலையும் வந்து நிற்றலையும் சேர்த்துச் சொல்ல ஒரே வினை இருக்கையில், புதிதாக ஆக்க வேண்டிய தேவை என்ன?

இளையோர் இளையோருக்காகப் பரிந்து பேசுவதற்குச் சங்க இலக்கியத்தில் இலக்கணமே உண்டு. தலைவி உடல் மெலிந்து, உணவில் நாட்டமின்றி இருக்கிறாள். தெய்வம் தீண்டியதோ என்று அஞ்சும் வீட்டார் முருகன் பூசாரியான வேலனை வரவழைத்து வெறியாட வைக்கிறார்கள், அல்லது குறி சொல்லும் கட்டுவிச்சியை அழைத்துக் குறி கேட்கிறார்கள். அவளை வாட்டுவது காதல் என்ற உண்மையை அறிந்த தோழி, அதை வீட்டாருக்குக் குறிப்பாலோ வெளிப்படையாகவோ உணர்த்துகிறாள். இதற்கு 'அறத்தொடு நிற்றல்' என்று பெயர். ஔவையாரின் குறுந்தொகை 23ஆம் பாடலில், குறி சொல்ல வந்த வெண்கூந்தல் மூதாட்டியிடம், இன்னும் பாடு, அவருடைய மலையைப் பாடிய அந்தப் பாட்டை மீண்டும் பாடு என்று மட்டுமே தோழி கேட்கிறாள். யார் அந்த 'அவர்' என்ற கேள்வி, அருகில் நிற்கும் தாயின் மனத்தில் தானே எழுந்துவிடும். காதல் நோயும் மனநோயும் ஒன்றல்ல என்பதை அறிவேன். ஆயினும், துயரத்தைத் தெய்வக் குற்றமாகப் படிக்கும் பெரியவர்களுக்கும், வாய்திறக்க இயலாத ஒருத்திக்கும் இடையே அவள் வயதினள் ஒருத்தி நிற்கும் அந்தக் காட்சி பழையதாகிவிடவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் இயங்கிய மனநோயாளர் காப்பகம் ஒன்றில், குணமாக வேண்டும் என்று குடும்பத்தார் கொண்டுவந்து விட்ட 28 பேர் சங்கிலியில் பிணைக்கப்பட்ட நிலையிலேயே கூரைத் தீக்கு இரையானார்கள். அவர்கள் பக்கம் நிற்க எவரும் இல்லை. அதற்கு எட்டாண்டுகள் முன்னதாக, 1993இல், சென்னைத் தெருவில் மனநோயோடு அலைந்த ஒரு பெண்ணைச் சேர்க்க இடம் தேடி அலைந்து எங்கும் கிடைக்காத வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இளம்பெண்கள் இருவர் 'தி பான்யன்' என்ற இல்லத்தைத் தாங்களே தொடங்கினார்கள். அதை நான் அறத்தொடு நிற்றல் என்றே சொல்வேன்.

பரிந்து பேசுவதற்கு ஓர் எல்லையும் உண்டு. அட்வோகாத்துஸ் அழைக்கப்பட்டவர்; தாமாக முன்னால் வந்து, உடையவரைப் பின்னுக்குத் தள்ளிப் பேசியவர் அல்லர். இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, பதினெட்டு வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் தம் சார்பில் நிற்பவரைத் தாமே நியமித்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது; அவர் உறவினராக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. லத்தீன் சொல்லின் முதற்பொருள் நம் சட்டத்தில் இப்படித் திரும்பி வந்திருக்கிறது. நாளிதழ்கள் விரும்பும் 'குரல் கொடுத்தல்' என்பதில் இதனாலேயே எனக்குத் தயக்கம் உண்டு. ஊர்ப்பேச்சில், "எதுவும் வேணும்னா ஒரு குரல் குடு" என்றால், குரல் கொடுக்க வேண்டியவர் துயரத்தில் இருப்பவர். ஓடி வர வேண்டியவர் நாம்.

ஆகவே வினைக்குப் 'பரிந்து பேசுதல்', ஆளுக்குப் 'பரிந்து பேசுநர்', நோயைத் தாமே பட்டுணர்ந்து தமக்காகப் பேசுபவரைத் 'தம்முரிமை பேசுநர்' என்பது என் முடிவு. 'மாணவர்கள் மனநலத்துக்காகப் பரிந்து பேசினர்' என்று எழுதினால், அகராதி இல்லாமலே எவருக்கும் விளங்கும். 'பேசுநர்' சற்று விறைப்பாக இருப்பதாக என் அக்காள் மகள் சொன்னாள். குறுந்தொகைக் கதையைக் கேட்டபின் 'மனநலத் தோழி' என்று அச்சிட அவளுக்கு ஆசை. ஆனால் குழுவில் இருக்கும் பையன்களுக்கு 'மனநலத் தோழர்' என்று போட்டால், எந்தக் கட்சி என்று கேட்பார்களே என்று அந்த யோசனை விழுந்துவிட்டதாம். புதிய அட்டையில் 'மனநலத்துக்குப் பரிந்து பேசுகிறேன்' என்று முழு வாக்கியமாகவே அச்சிட்டிருக்கிறார்கள். அம்மா அதையும் கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார். "சரி, யாருக்கு என்ன ஆச்சு, சொல்லு" என்று நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டார்.