நியூரோஜெனிக் பிளாடர்: தளர்ச்சியும் இல்லை, இயலும் இல்லை

தென்னையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்ட மாமாவுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்தார்கள். தலைப்பு: ‘நரம்பியல் சிறுநீர்ப்பை புற்றுநோய் ஆபத்து’. அத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “நரம்புல கேன்சராப்பா?” என்றார். வேறு எப்படிப் படிப்பார்?

மூளையிலோ தண்டுவடத்திலோ நரம்புகளிலோ பழுது ஏற்பட்டு, சிறுநீர்ப்பைக்குப் போய்வரும் சேதி அறுந்தோ குழம்பியோ போவதுதான் நியூரோஜெனிக் பிளாடர். தாளில் ‘நரம்பியல் சிறுநீர்ப்பை’ என்று மொழிபெயர்த்திருந்தது இதைத்தான். நிறைந்தது தெரியாது, அல்லது நினைத்தபோது இறங்காது, அல்லது நினைக்காதபோது இறங்கிவிடும். கிரேக்கத்தில் ‘நியூரான்’ முதலில் தசைநாண், வில்நாண். நரம்பு என்ற பொருள் பிறகு வந்தது. நம் நரம்பும் யாழில் கட்டிய நரம்புதானே. ‘ஜெனிக்’ என்றால் அதிலிருந்து பிறந்தது. அவ்வளவுதான்.

இதில் ‘இயல்’ எங்கிருந்து வந்தது? இயல் என்பது படிப்புத் துறை. பல்வலியைப் ‘பல்லியல் வலி’ என்றால் பல்லிதான் ஞாபகம் வரும். இன்னொருவர் ‘நரம்பாக்கச் சிறுநீர்ப்பை’ என்கிறார், நரம்பை வைத்துப் பின்னிய பை போல. சரி, ‘நரம்புவழி’ என்று வைக்கலாமா என்று நானே யோசித்தேன். ஊரில் ரத்தக் குழாயில் போடும் ஊசிக்கே ‘நரம்பு ஊசி’ என்றுதான் பெயர், குழப்பம் கூடும். எல்லாவற்றிலும் மோசம் ‘நரம்புத் தளர்ச்சி’. பஸ் ஸ்டாண்டு சுவரில் லாட்ஜ் வைத்தியர்கள் ஒட்டி ஒட்டிக் கெடுத்த சொல் அது; கேட்டதும் வீட்டுக்காரர்கள் லேகியம் தேடிப் போவார்கள், நோயாளி வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வார்.

நான் எழுதுவது ‘நரம்புப் பழுதுச் சிறுநீர்ப்பை’. அழகில்லைதான், ஆனால் பழுது எதில், சிரமம் எதில் என்று அத்தைக்குப் புரியும்.

புரிந்தே ஆக வேண்டும், ஏனென்றால் நரம்புப் பழுது நேராகப் புற்றாக மாறுவதில்லை. சிறுநீர் வடிக்கப் போட்டு ஆண்டுக்கணக்கில் உள்ளேயே கிடக்கும் டியூப், திரும்பத் திரும்ப வரும் யூரின் இன்ஃபெக்‌ஷன், கல் எல்லாம் சேர்ந்து பையின் உட்சுவரை ஓயாமல் அரித்துப் புண்ணாக்குகின்றன. ஆபத்து அங்கேதான் கூடுகிறது. மற்றவர்களுக்கு அபூர்வமாக வரும், செதிள் போன்ற தட்டையான செல்களில் உண்டாகும் ‘செதிள் செல்’ வகைப் புற்று இவர்களிடம் அதிக விகிதத்தில் தெரிவதும் அதனால்தான். அமெரிக்காவின் மிச்சிகனில் ஜாக் லாபிடெஸ் என்ற யூராலஜி டாக்டர் 1972இல், டியூபை உள்ளேயே விடாமல் அவ்வப்போது சுத்தமாகச் செருகி வடித்துவிட்டு எடுக்கும் முறையை எழுதினார். இன்றும் முடிந்தவர்களுக்கு அதைத்தான் முதலில் சொல்கிறார்கள். சிறுநீரில் ரத்தம் வந்தால் ‘டியூப் உரசியிருக்கும்’ என்று விட்டுவிடக் கூடாது. அந்தத் தாளில் இது கடைசி வரியில், பொடி எழுத்தில், ‘குருதிச் சிறுநீர் அவதானிக்கப்படின்’ என்று இருந்தது. மொழிபெயர்த்தவர் தன் வீட்டில் யாரிடமாவது ஒருமுறை வாசித்துக் காட்டியிருக்கலாம்.

தலைப்பை அடித்துவிட்டு, ‘நரம்புப் பழுதுச் சிறுநீர்ப்பை உள்ளவர்களுக்கு அந்தப் பையில் புற்றுநோய் வரும் ஆபத்து’ என்று பேனாவால் எழுதிக் கொடுத்தேன். நீளம்தான். அத்தை படித்துவிட்டு, “அப்ப ரத்தம் வந்தா அன்னைக்கே போயிடணும், இல்ல?” என்றார்.