டிக் விழுந்துருச்சு, ஆனா பேச்சு வரல

ஜெர்மன் சொல்லிக்கொடுக்க ஆரம்பிச்சப்போ என் கையில இருந்தது ஒரு டேப் ரெக்கார்டரும் நாலு கேசட்டும்தான். ஒரே வாக்கியத்தை ரீவைண்ட் பண்ணி ரீவைண்ட் பண்ணி போடுவேன், நடுவுல டேப் சிக்கிக்கும், பென்சிலை விட்டு சுத்தி எடுக்கறதுக்குள்ள பாதி க்ளாஸ் போயிரும். இன்னிக்கு எல்லாமே போன்ல இருக்கு. ஆனா பசங்க வாய் திறக்கறது மட்டும் பெருசா மாறலைங்க.

இது புதுக்கதை இல்ல. 1957ல சோவியத் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை விட்டதும் அமெரிக்கா ஆடிப்போய் அடுத்த வருஷமே ஒரு கல்விச் சட்டம் போட்டு, சயின்ஸ், கணக்கோட வெளிநாட்டு மொழிக்கும் காசைக் கொட்டுச்சு, ஸ்கூல் ஸ்கூலா லாங்குவேஜ் லேப் முளைச்சுது. ஹெட்போனை மாட்டு, கேளு, திருப்பிச் சொல்லு, அவ்ளோதான். 70கள்லயே அந்த மோகம் அடங்கிப்போச்சு. மெஷின் ரிப்பேர், ஒரே போர், அதைவிட முக்கியம், பையன் தப்பா சொன்னா அது தப்புன்னு அவன் காதுக்கே தெரியாது.

ஒரு உதாரணம். ஜெர்மன்ல 'ஷோன்'னா ஏற்கனவே. அதே வார்த்தையில ஓ மேல ரெண்டு புள்ளி வெச்சா அழகுன்னு அர்த்தம். அந்த ஒலி தமிழ்ல கிடையாது, 'ஏ'ன்னு இழுத்துக்கிட்டே உதட்டை மட்டும் விசில் அடிக்கிற மாதிரி குவிக்கணும். இதை கேசட் எத்தனை தடவை சொன்னாலும் வராது, என் உதட்டைப் பார்த்தா ரெண்டு நிமிஷத்துல வந்துரும்.

சரி, இப்போ மொழி கத்துக்கற ஆப் நம்ம பேச்சைக் கேட்டு திருத்துதேன்னு சொல்வீங்க. கேட்குது, ஆனா முன்னாடி பின்னாடி இருக்கற வார்த்தையை வெச்சு நீங்க என்ன சொல்ல வந்தீங்கன்னு ஊகிச்சுக்கும், அதனால சுமாரா சொன்னாலும் பல நேரம் பச்சை டிக் போட்டுரும். முன்னூறு நாள் ஸ்ட்ரீக், அதாவது ஒரு நாள் விடாம ஆப்ல படிச்ச கணக்கு, வெச்சிருந்த ஒரு மாணவிகிட்ட நேத்து என்ன பண்ணினன்னு ஜெர்மன்ல கேட்டேன், சிரிச்சுக்கிட்டே நின்னாங்க. வார்த்தை நிறைய தெரியும், ஆப்ஷன் நாலு கண்ணுக்கு முன்னாடி இருந்தா!

மொழிபெயர்ப்பு டூல் கதை இன்னும் மோசம். 2016 வாக்குல நியூரல் முறைக்கு, அதாவது ஏஐ முழு வாக்கியத்தையும் பார்த்து மொழிபெயர்க்கற முறைக்கு, மாறினதும் தரம் எங்கேயோ உயரத்துக்குப் போயிருச்சு, 2022 கடைசில சாட்ஜிபிடி வேற வந்துச்சு. அதுக்கு முன்னாடி காப்பி அடிச்ச ஹோம்வொர்க்கை முதல் வரியிலயே கண்டுபிடிப்பேன். இப்போ ஒரு பிழை இருக்காது, நான் எழுதினதைவிட நல்லாவே இருக்கும், எழுதினவனைக் கூப்பிட்டு இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு கேட்டா போனைத் தேடறான்.

டூலைத் திட்டல. வார்த்தை மனப்பாடத்துக்கு நாள் இடைவெளி விட்டு திரும்பக் கேட்கற ஃப்ளாஷ்கார்டு ஆப் அருமை, நானே யூஸ் பண்றேன். ஹோம்வொர்க்கை மட்டும் மாத்திட்டேன். இப்போ எழுதிட்டு வரச் சொல்றதில்ல, ரெண்டு நிமிஷ வாய்ஸ் நோட், பார்த்துப் படிக்கக்கூடாது. முதல் வாரம் வந்ததுல பாதி 'ம்ம்... ஆ...'தான், ஆனா அந்த 'ம்ம்' எங்க வருதுன்னு கேட்டுத்தான் அடுத்த க்ளாஸுக்கு என்ன எடுக்கணும்னு முடிவு பண்றேன்.